சிக்மாய்டு பாலிப்பில் "சளிப்படலத்துக்குள் அடங்கிய அடினோகார்சினோமா": சி18.7-ஆ, டி01.0-ஆ, டி12.5-ஆ?

கயல்விழி_திருச்சி

வணக்கம். திருச்சியில் ஒரு மருத்துவக் கோடிங் நிறுவனத்தில், அதாவது நோயாளிகளின் பதிவுகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லிங் குறியீடு போடும் இடத்தில், மூன்றாண்டுகளாக இரைப்பை, குடல் பிரிவின் வெளிநோயாளர் சார்ட்டுகளைப் பார்த்து வருகிறேன். எல்லாம் அமெரிக்க மருத்துவமனைகளின் வேலை. நேற்று உள் தணிக்கையில் ஒரு சார்ட்டுக்குப் பிழை விழுந்தது. மதிப்பெண் போனது பெரிதில்லை. எது சரி என்று இன்னும் தெரியாததுதான் என்னை அரிக்கிறது.

சார்ட் இதுதான். 58 வயது ஆண். எந்தத் தொந்தரவும் இல்லை. வயதுக்கேற்ற முன்தடுப்புப் பரிசோதனையாகக் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டார். பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் 18 மி.மீ. அளவில் காம்புள்ள ஒரு பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சதை). ஸ்னேர் கம்பியால் முழுதாக எடுத்துவிட்டார்கள். பேத்தாலஜி ரிப்போர்ட்டின் முடிவு: "டியூபுலோவில்லஸ் அடினோமா, ஹை-கிரேடு டிஸ்பிளாசியாவுடன். ஓரிடத்தில் சளிப்படலத்துக்குள் அடங்கிய அடினோகார்சினோமா. காம்பின் வெட்டு விளிம்பில் கட்டி இல்லை." (அடினோமா என்றால் சுரப்பியில் தோன்றும் சாதாரணக் கட்டி, டிஸ்பிளாசியா என்றால் செல்கள் உருக்கெட்டிருப்பது, அடினோகார்சினோமா என்றால் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்.) பிறகு மருத்துவர் நோயாளிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்: "உங்கள் பாலிப்பில் புற்றுநோய் இருந்தது. முழுதாக அகற்றிவிட்டோம்."

நான் சி18.7 போட்டேன். தணிக்கையாளர் டி12.5 என்று திருத்தினார். என் குழுத் தலைவர் டி01.0 என்கிறார். ஒரே பாலிப், மூன்று பேர், மூன்று குறியீடு: சி18.7 புற்றுநோய், டி12.5 சாதாரணக் கட்டி, டி01.0 இன் சிட்டு (தோன்றிய இடத்தைத் தாண்டாத ஆரம்ப நிலை). யாராவது விளக்குங்கள்.

(குழப்பம் வராமலிருக்க ஒன்று: புள்ளியோடு வருபவை குறியீடுகள். "நிலை" என்று எழுதினால் அது, புற்றுநோயின் பரவலை அளக்கும் டிஎன்எம் கணக்கில் கட்டியின் ஆழம்.)

சேலம்_சரவணன்

தங்கச்சி, நீங்கள் போட்டதுதான் சரி. ஐசிடி என்னும் நோய்க் குறியீட்டுப் புத்தகத்தின் அகரவரிசையில் அடினோகார்சினோமா என்று தேடினால் "நியோபிளாசம் அட்டவணையில் மாலிக்னன்ட் பத்தியைப் பார்" என்றுதான் வரும், அதாவது கட்டிகள் அட்டவணையில் புற்றுநோய்ப் பத்தி. சிக்மாய்டுக்கு அந்தப் பத்தியில் இருப்பது சி18.7. வெளிநோயாளர் சார்ட்டில், கோடிங் செய்யும் நேரத்தில் இறுதி ரிப்போர்ட் கையில் இருந்தால் பேத்தாலஜிஸ்ட் உறுதிசெய்த நோயைக் குறியீடாக்கலாம் என்று வழிகாட்டு விதிகளின் நான்காம் பிரிவே சொல்கிறது. போதாததற்கு மருத்துவரின் கடிதமும் புற்றுநோய் என்கிறது. இரண்டு மருத்துவர்கள் எழுதியதை மாற்ற நாம் யார்? ஆறு வருடமாக ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் பிரிவில் (நோய்க் குறியீட்டை வைத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கான தொகையைக் கணக்கிடும் பிரிவு) இருக்கிறேன், இப்படித்தான் போட்டு வருகிறேன். மறுப்பு எழுதி அனுப்புங்கள்.

பொன்னி_தணிக்கை

சரவணன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் தணிக்கைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. இந்தப் பாலிப் மாதம் ஒருமுறையாவது என் மேசைக்கு வரும். கயல், உங்கள் தணிக்கையாளர் டி12.5 போட்டதன் காரணம் எனக்குப் புரிகிறது. அவர் ரிப்போர்ட்டின் முதல் பாதியோடு நின்றுவிட்டார். பெருங்குடல் அடினோமாவில் ஹை-கிரேடு டிஸ்பிளாசியா மட்டும் இருந்தால் அது டி12 குடும்பம்தான், டி01 அல்ல. அகரவரிசையில் டிஸ்பிளாசியா, பெருங்குடல் என்று பார்த்தால் டி12.6-க்குத்தான் அனுப்பும். பல ஆண்டுகளுக்கு முன்பு "ஹை-கிரேடு என்றால் இன் சிட்டு" என்று பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தை ஒழிக்கப் போராடிப் போராடி, இப்போது "டிஸ்பிளாசியா" என்ற சொல்லைக் கண்டதுமே டி12 என்று எழுதிவிடுகிற இன்னொரு பழக்கம் வந்துவிட்டது.

உறுப்பு மாறினால் இதே சொல்லின் குறியீடும் மாறும். உணவுக்குழாயில் பாரெட் என்னும் உட்படல மாற்றத்துடன் ஹை-கிரேடு டிஸ்பிளாசியா என்றால் கே22.711. இரைப்பையில் உட்படலம் குடல்போல மாறும் மெட்டாபிளாசியாவோடு ஹை-கிரேடு டிஸ்பிளாசியா என்றால் கே31.ஏ22, 2021 அக்டோபரில் வந்த குறியீடு அது. மூன்று உறுப்பு, ஒரே சொல், மூன்று வேறு குறியீட்டு வரிசை. எனவே சொல்லை வைத்துக் குறியீட்டை மனப்பாடம் செய்யாதீர்கள்.

உங்கள் சார்ட்டில் அதற்கு மேலும் ஒரு வாக்கியம் இருக்கிறது. "சளிப்படலத்துக்குள் அடங்கிய அடினோகார்சினோமா." அதை டி12.5 விழுங்க முடியாது. அது சி18.7-ஆ டி01.0-ஆ என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: பேத்தாலஜி ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கம் இருந்ததா? கட்டி விவரங்களை வரிசையாக நிரப்பிய அட்டவணை?

மரு_இளவேனில்

நான் கோடர் அல்லேன். திசு நோயியல் மருத்துவர். நீங்கள் விவாதிக்கும் அந்த ஒரு வாக்கியத்தை வாரத்துக்கு நாலைந்து முறை எழுதுகிறவள் என்பதால் இடையில் வருகிறேன்.

பெருங்குடலின் உட்சுவரை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மேலே சுரப்பிகள், சோதனைக் குழாய்களை அடுக்கியதுபோல நெருக்கமாக நிற்கும். ஒவ்வொரு சுரப்பியையும் மெல்லிய அடித்தளச் சவ்வு சுற்றியிருக்கும். சுரப்பிகளுக்கு இடையே இருக்கும் தளர்ந்த திசு லமினா ப்ரோப்ரியா. அதற்கும் கீழே இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதுதான் மஸ்குலாரிஸ் மியூகோசே என்கிற மெல்லிய தசையிழை. இதுவரை சளிப்படலம். அந்தத் தசையிழையைத் தாண்டினால் அடிச்சளிப்படலம். ரத்த நாளங்களும் நிணநாளங்களும் தாராளமாக ஓடும் இடம்.

கெட்ட செல்கள் சுரப்பியின் சவ்வுக்குள்ளேயே இருந்தால் நான் எழுதுவது ஹை-கிரேடு டிஸ்பிளாசியா. சவ்வை உடைத்து லமினா ப்ரோப்ரியாவுக்குள் இறங்கி, தசையிழையைத் தாண்டாமல் நின்றால் சளிப்படலத்துக்குள் அடங்கிய கார்சினோமா. தசையிழையைத் தாண்டினால் டி1 நிலை. முழு அர்த்தத்தில் ஊடுருவும் புற்றுநோய் என்று பெருங்குடலில் நாங்கள் சொல்வது அங்கேதான் தொடங்குகிறது. "மாலிக்னன்ட் பாலிப்" என்ற சொல்லையும் அதற்கு மட்டுமே வைத்திருக்கிறோம்.

இப்போது உங்கள் சிக்கலின் வேர். பெருங்குடல் சளிப்படலத்தின் மேற்பகுதியில் நிணநாளங்கள் கிடையாது. தசையிழையை ஒட்டித்தான் அவை தொடங்குகின்றன. ஆகவே லமினா ப்ரோப்ரியாவோடு நின்ற கட்டி நிணக்கணுக்களுக்குப் பரவுவது இல்லை என்றே சொல்லிவிடலாம். இதனால்தான் புற்றுநோயின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கையேடான ஏஜேசிசி எட்டாம் பதிப்பில் பெருங்குடலுக்குச் சளிப்படலத்துக்குள் அடங்கிய கார்சினோமாவையும் டிஐஎஸ் நிலையிலேயே, அதாவது இன் சிட்டுவோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரைப்பையில் அப்படி இல்லை. அங்கே சளிப்படலத்திலிருந்தே நிணக்கணுவுக்குப் போகும் வாய்ப்பு, சிறிதளவே என்றாலும், உண்டு. அதனால் அதே ஆழத்தில் நிற்கும் கட்டி இரைப்பையிலும் உணவுக்குழாயிலும் டி1ஏ நிலை. ஆழம் ஒன்றுதான், உறுப்பு மாறியதும் பெயர் மாறிவிடுகிறது.

நாடு மாறினாலும் பெயர் மாறியது. 1997-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த எட்டு நோயியலாளர்களுக்கு இரைப்பையின் அதே 35 ஸ்லைடுகளைக் கொடுத்தார்கள். செல்லின் உருவம் கெட்டிருந்தாலே ஜப்பானியர் கார்சினோமா என்றனர். ஊடுருவல் கண்ணில் படாதவரை மேற்கத்தியர் டிஸ்பிளாசியா என்றனர். 2000-இல் வெளியான வியன்னா வகைப்பாடு இந்த இடைவெளியை அடைக்க எழுந்ததுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிக்மாய்டில் காம்புள்ள பாலிப் என்றால் நாங்கள் கூடுதலாக ஒருமுறை பார்ப்போம். அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டு, ரத்தம் கசிந்து, சாதாரண அடினோமாச் சுரப்பிகளே காம்புக்குள் பிதுங்கி இறங்கிவிடும். பார்வைக்கு ஊடுருவல் போலவே இருக்கும். சுற்றிலும் பழைய ரத்தத்தின் பழுப்பு நிறத் துகள்கள் சிதறியிருப்பதையும், சுரப்பிகளைச் சுற்றி லமினா ப்ரோப்ரியா கூடவே வந்திருப்பதையும் கண்டுதான் "இது போலி ஊடுருவல்" என்று தெளிவோம். சில நேரம் ஸ்லைடை எடுத்துக்கொண்டு பக்கத்து அறை சகாவிடம் போய்க் கேட்பேன். இவ்வளவுக்கும் பிறகு நான் எழுதும் ஒரு சொல்லை, அதன் கீழ் வரும் அட்டவணையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பொன்னி கேட்ட இரண்டாம் பக்கம் அதுதான்.

கயல்விழி_திருச்சி

டாக்டர், மிக்க நன்றி. மூன்று வருடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சுரப்பி, சவ்வு, தசையிழை என்று ஒரு தாளில் வரைந்து மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

பொன்னி அக்கா, இரண்டாம் பக்கம் இருக்கிறது. நான் திறக்கவே இல்லை; முதல் பக்கத்தில் முடிவு வந்துவிட்டதே என்று நினைத்துவிட்டேன். அதில் உள்ளது: "ஊடுருவலின் அதிகபட்ச ஆழம்: லமினா ப்ரோப்ரியா. நாள ஊடுருவல் இல்லை. நோயியல் நிலை: டிஐஎஸ்."

அப்படியானால் டி01.0 என்று மாற்றிவிடலாமா?

சேலம்_சரவணன்

டாக்டர் சொன்னது எனக்கும் புதிது, மறுக்கவில்லை. ஆனால் ஏஜேசிசி கையேடு வேறு, ஐசிடி புத்தகம் வேறு. நிலையைப் பார்த்துக் குறியீடு போடச் சொல்லி எந்த விதியும் இல்லை. "இன் சிட்டு" என்ற சொல் ரிப்போர்ட்டில் இருக்கிறதா? இல்லை. அடினோகார்சினோமா என்ற சொல் இருக்கிறது. டிஐஎஸ் என்றால் இன் சிட்டு என்று நாமே மொழிபெயர்த்துப் போட்டால், அதுவும் ஊகம்தானே?

பொன்னி_தணிக்கை

சரவணன், இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் சொல்வது சரி: டிஐஎஸ் என்ற மூன்று எழுத்தைப் பார்த்து கோடர் தானாக டி01.0-க்குத் தாவக்கூடாது. அதே விதிப்படி, அந்த மூன்று எழுத்து கண்ணெதிரே இருக்கும்போது அதை மறைத்துவிட்டு சி18.7 போடவும் கூடாது. ஒரே ரிப்போர்ட்டின் முதல் பக்கம் ஒன்று சொல்கிறது, இரண்டாம் பக்கம் வேறொன்று சொல்வதுபோலத் தெரிகிறது, சிகிச்சை செய்தவரின் கடிதம் மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. முரண்பட்ட ஆவணத்துக்கு நம் தொழிலில் ஒரே வழி, மருத்துவரிடம் க்வெரி, அதாவது எழுத்து மூலம் தெளிவு கேட்பது. கயல் சி18.7 போட்டதற்கு நான் பிழை தரமாட்டேன். க்வெரி அனுப்பாமல் மூடியதற்குத் தருவேன். டி12.5 என்று திருத்தியவருக்கும் அதே பிழை.

அகிலா_டெக்சாஸ்

நான் இங்கே ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவகத்தில் வேலை செய்கிறேன். கோடிங்கும் பதிவகமும் ஒரே ரிப்போர்ட்டைத்தான் படிக்கின்றன, ஆனால் விதிகள் வேறு. அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவுத் திட்டமான சீர் (SEER) அமைப்பின் பதிவு விதிகளில், லமினா ப்ரோப்ரியா வரை இறங்கிய பெருங்குடல் கட்டிக்கு டிஎன்எம் நிலை டிஐஎஸ்; ஆனால் நடத்தை இலக்கம் 3, அதாவது மாலிக்னன்ட். இன் சிட்டுவுக்குரிய 2 அல்ல. எனவே சரவணன் அண்ணா சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: சொல், நிலை, நடத்தை இலக்கம், பில்லிங் குறியீடு ஆகிய நான்கும் தனித்தனி வண்டிகள். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதக்கூடாது. எங்களிடமும் "பதிவகம் 3 என்றுதானே போட்டது, நீங்களும் சி18 போடுங்கள்" என்று கோடிங் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்கள் உண்டு. அது தவறு.

முருகேசன்_மதுரை

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவன் இல்லை. மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். "கார்சினோமா இன் சிட்டு" என்று கூகுளில் தேடி இங்கே வந்தேன். முழுவதும் படித்தேன். டாக்டர் எழுதிய "உறுப்பு மாறியதும் பெயர் மாறிவிடுகிறது" என்ற வரியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது, ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

அப்பாவுக்கு 61 வயது. நெஞ்செரிச்சல் என்று போனவருக்கு எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சிறிய புண் போன்ற ஒன்றைக் கண்டார்கள். வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அடுக்கை உரித்து எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது, மருத்துவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அப்பாவுக்குத் தீவிர நோய்க் காப்பீடு ஒன்று இருந்தது. அதற்கு விண்ணப்பித்தபோது நிராகரித்துவிட்டார்கள். அனுப்பிய கடிதத்தோடு எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் வைத்திருந்தார்கள். அதில் ஒரு வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது: "இரைப்பைக் கார்சினோமா இன் சிட்டு." பாலிசியில் இன் சிட்டு சேராது, அவ்வளவுதான்.

பேத்தாலஜி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் இன் சிட்டு என்ற சொல்லே இல்லை. "சளிப்படலத்துக்குள் அடங்கிய அடினோகார்சினோமா, லமினா ப்ரோப்ரியாவில் ஊடுருவல், டி1ஏ" என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது, எழுதும் விதம்தான் வேறு என்று நினைத்துக் கடையைத் திறக்கப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து, மறு பரிசோதனைக்குப் போனபோதுதான் அந்த மருத்துவரிடம் காட்டினேன். அவர் சம்மரியைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு "இது பயிற்சி மருத்துவர் எழுதியது, நான் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், தவறு என்னுடையது" என்றார். திருத்திய சம்மரியும், பேத்தாலஜிஸ்டின் விளக்கக் கடிதமும் கொடுத்தார். மேல்முறையீடு செய்தோம். மொத்தம் ஐந்து மாதம் அலைந்து பணம் வந்தது. அந்த ஐந்து மாதமும் அப்பா "எனக்கு வந்தது புற்றுநோயா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எல்லாம் இப்படி உட்கார்ந்து ஒரு சொல்லுக்காக வாதாடுவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

மரு_இளவேனில்

முருகேசன், அப்பா இப்போது நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். மறு எண்டோஸ்கோப்பி தேதிகளை மட்டும் தவறவிடாதீர்கள்.

அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஆம், அது புற்றுநோய்தான். மிக ஆரம்ப நிலையிலேயே பிடிபட்ட புற்றுநோய். 1962-இல் ஜப்பானிய எண்டோஸ்கோப்பி சங்கம் "ஆரம்பநிலை இரைப்பைப் புற்று" என்று வரையறுத்தபோது, சளிப்படலம் அல்லது அடிச்சளிப்படலத்தோடு நின்றதை எல்லாம் அதில் சேர்த்தது. அப்பாவுடையது அதிலும் மேலடுக்கு.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தீவிர நோய்ப் பாலிசிகளுக்கு வகுத்த பொது வரையறையில் இன் சிட்டு, முன்புற்று நிலை, ஊடுருவாத கட்டி ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றன. "இயல்பான திசுக்களை ஊடுருவி அழித்தல்" என்பதுதான் அங்கே அளவுகோல். எனவே லமினா ப்ரோப்ரியாவில் ஊடுருவல் என்று பேத்தாலஜிஸ்ட் எழுதிய அந்த ஒரு வரியை, சம்மரியில் வேறு சொல்லால் மாற்றிவிட்டால், அங்கே நோயின் பெயரே மாறிவிட்டது என்று பொருள்.

குடும்பத்தினருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் இன்னொரு குறிப்பு. அதே வரையறையில் செரிமானப் பாதையின் ஜிஸ்ட் கட்டிகளுக்கு (குடல் சுவரின் இணைப்புத் திசுவில் தோன்றுபவை) தனி விலக்கு இருக்கிறது: டி1என்0எம்0 நிலை அல்லது அதற்குக் கீழ், மேலும் மைக்ராஸ்கோப்பின் 50 உயர்புலங்களில் (அதிக உருப்பெருக்கத்தில் தெரியும் வட்டங்களில்) செல்பிரிவு எண்ணிக்கை 5 அல்லது அதற்குக் குறைவு. ஆகையால் அந்த எண்ணிக்கையை ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டால் நோயாளி எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சில பழைய ரிப்போர்ட்டுகளில் விட்டிருக்கிறேன். ஸ்லைடைத் தேடி எடுத்து மறுபடி எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

பொன்னி_தணிக்கை

முருகேசன் ஐயா, எழுதியதற்கு நன்றி. நாங்கள் தினமும் திறந்து மூடும் ஒவ்வொரு சார்ட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது. எங்கள் திரையில் அது தெரிவதே இல்லை.

கயல், க்வெரியை இப்படி எழுதுங்கள். அமெரிக்க மருத்துவ ஆவணத் துறைச் சங்கங்களான அஹிமாவும் ஏசிடிஐஎஸ்ஸும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல் 2022-இல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி பதிலை நோக்கித் தள்ளும் கேள்வி கூடாது, பணம் பற்றிய பேச்சும் கூடாது.

தவறான க்வெரி: "நோயியல் நிலை டிஐஎஸ் என்று உள்ளது. இதை இன் சிட்டு என்று மாற்றித் தர முடியுமா?"

சரியான க்வெரி: "கொலோனோஸ்கோப்பியில் அகற்றிய சிக்மாய்டு பாலிப்பின் பேத்தாலஜி ரிப்போர்ட்டில் ஹை-கிரேடு டிஸ்பிளாசியா உள்ள டியூபுலோவில்லஸ் அடினோமா, சளிப்படலத்துக்குள் அடங்கிய அடினோகார்சினோமா, அதிகபட்ச ஆழம் லமினா ப்ரோப்ரியா, நோயியல் நிலை டிஐஎஸ் என்று உள்ளது. நோயாளிக்கான கடிதத்தில் புற்றுநோய் என்று உள்ளது. உங்கள் மருத்துவ முடிவின்படி இந்தப் பாலிப்பின் இறுதி நோயறிதலைத் தெளிவுபடுத்தவும்: ஹை-கிரேடு டிஸ்பிளாசியா உள்ள அடினோமா / கார்சினோமா இன் சிட்டு / ஊடுருவும் அடினோகார்சினோமா / வேறு (குறிப்பிடவும்) / தீர்மானிக்க இயலவில்லை."

அவர் என்ன பதில் எழுதுகிறாரோ அதுதான் குறியீடு. நோயாளியின் அடுத்த பத்து வருடமும் அதைப் பொறுத்தது. சி18.7 என்று போனால், சிகிச்சை முடிந்ததும் அவர் பெயரோடு இசட்85.038 ஒட்டிக்கொள்ளும்: பெருங்குடல் புற்றுநோய் வந்தவர். டி01.0 என்றால் இசட்86.004. அடினோமா மட்டும் என்றால் இசட்86.010 வரிசை.

புதிய_கோடர்_விழுப்புரம்

அக்கா, இரண்டு சந்தேகங்கள். உள்நோயாளர் சார்ட்டாக இருந்தாலும் பேத்தாலஜி ரிப்போர்ட்டிலிருந்து நேரடியாகப் போடலாமா? இன்னொன்று, பாலிப்புக்குக் கீழே உப்புநீர் ஊசி போட்டுத் தூக்கி ஸ்னேரால் எடுத்தால் 45390 என்ற செய்முறைக் குறியீட்டைப் போடலாமா?

பொன்னி_தணிக்கை

முதலாவது: கூடாது. உள்நோயாளரில் பேத்தாலஜிஸ்ட் எழுதியதைச் சிகிச்சை மருத்துவர் தன் குறிப்பில் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் க்வெரி. "புற்றுநோயாக இருக்கலாம்" என்ற வகைச் சொற்களிலும் இரண்டும் எதிரெதிர். உள்நோயாளர் டிஸ்சார்ஜ் நேரத்தில் அப்படி எழுதியிருந்தால் உறுதியான நோய் போலவே குறியீடாகும். வெளிநோயாளரில் ஆகாது, கண்ட அறிகுறியோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது: 45390-க்கு ஊசி, எல்லை குறித்தல், பிறகு ஸ்னேர் அல்லது பேண்ட் கொண்டு வெட்டியெடுத்தல் ஆகிய மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். எல்லை குறித்ததாக எழுதவில்லையென்றால் ஸ்னேருக்கு 45385-உம் ஊசிக்கு 45381-உம்தான். மூன்றும் இருந்து 45390 போட்டால், அதே கட்டிக்கு 45381-ஐத் தனியாகப் போடாதீர்கள்.

சேலம்_சரவணன்

இரண்டு நாள் இங்கே எழுதவில்லை. என் பழைய சார்ட்டுகளில், இன்னும் திறக்க அனுமதி உள்ளவற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். பெருங்குடலில் "சளிப்படலத்துக்குள்" என்று வந்து நான் சி18 போட்டவை மூன்று கிடைத்தன. மூன்றிலும் இரண்டாம் பக்கத்தில் டிஐஎஸ். மூன்றும் மெடிகேர் அட்வான்டேஜ் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் திட்டம்) நோயாளிகள். அந்தத் திட்டங்களுக்கு அரசு தரும் தொகை நோய்க் குறியீட்டைப் பார்த்து ஏறும். சி18 அதை ஏற்றும், டி01 ஏற்றாது. அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தணிக்கைக்கு எடுக்கும் அதிக ஆபத்துள்ள குறியீடுகளின் பட்டியலில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று என்பது பயிற்சியிலேயே சொன்னதுதான். ஆனால் அது "சிகிச்சை முடிந்த பிறகும் சி18 போடாதே" என்பதற்காக மட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றையும் குழுத் தலைவரிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட்டேன். கயல், முதல் நாள் உறுதியாகச் சொல்லி உங்களை மறுப்பு எழுதத் தூண்டினேன். வருந்துகிறேன்.

இரைப்பையில் ஒன்றும் கிடைத்தது. டி1ஏ நிலை, சி16.3 போட்டிருந்தேன். அது சரியாகவே இருக்கிறது. முருகேசன் ஐயாவின் அப்பாவுடையது போன்ற சார்ட்.

கயல்விழி_திருச்சி

அண்ணா, மறுப்பு அனுப்பவே இல்லை. பொன்னி அக்கா இரண்டாம் பக்கத்தைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

க்வெரிக்கு இன்று பதில் வந்தது. மருத்துவர் கூடுதல் குறிப்பு ஒன்றைச் சார்ட்டில் சேர்த்திருக்கிறார். அப்படியே தருகிறேன்: "இறுதி நோயறிதல்: சிக்மாய்டு பெருங்குடல் கார்சினோமா இன் சிட்டு, அடினோமாவில் தோன்றியது, முழுதாக அகற்றப்பட்டது. கூடுதல் அறுவை தேவையில்லை. முந்தைய கடிதத்தில் பயன்படுத்திய சொல் துல்லியமற்றது. நோயாளியைத் தொலைபேசியில் அழைத்துத் தசையிழையைத் தாண்டிய ஊடுருவல் இல்லை என்பதை விளக்கினேன். புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்பிய பரிந்துரை ரத்து."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அவரைப் புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்பியிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அது வேறொரு பிரிவின் சார்ட்டில் இருந்திருக்கும்.

குறியீடுகளை மாற்றி அனுப்பிவிட்டேன்: டி01.0, 45385.

பொன்னி_தணிக்கை

நல்ல மருத்துவர். நல்ல க்வெரி.

ஆனால் கயல், அனுப்பியதைத் திரும்பத் திறங்கள். நோயாளி தொந்தரவு எதுவும் இல்லாமல் முன்தடுப்புப் பரிசோதனைக்கு வந்தவர் என்று முதல் பதிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் குறியீடு முன்தடுப்புப் பரிசோதனைக்கான இசட்12.11, டி01.0 அதற்கு அடுத்துதான். 58 வயது, தனியார் காப்பீடு என்றால் 45385-உடன் 33 மாடிஃபையர் (இது முன்தடுப்புச் சேவை என்று காட்டும் துணைக் குறி). அது விடுபட்டால் இலவசமாகக் கிடைக்க வேண்டிய பரிசோதனைக்கு அவர் கையிலிருந்து பணம் கட்டும்படி பில் போகும்.

கயல்விழி_திருச்சி

திறந்துவிட்டேன் அக்கா. மாற்றிக்கொண்டிருக்கிறேன்.